கரப்பானும் நம் வீட்டு விரல்களும்

தோ பாயோ
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடிதப் பெட்டியை நீங்கள் தினமும் திறப்பீர்கள். மின்சாரக் கட்டண அறிக்கைக்காகவாவது திறப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பேத்தியின் முப்பதாம் நாள் விருந்தில் நடந்ததை இரண்டு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உங்கள் சம்பந்தியம்மா குழந்தையின் கையுறையை உருவி, ஒட்டியிருந்த நடுவிரலையும் மோதிர விரலையும் ஊருக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். “பூச்சி மருந்துக் கம்பெனியில மாசமா இருக்கிற பொண்ண உக்கார வெச்சா வேற என்ன ஆகும்?” என்றார். அதையாவது மன்னிக்கலாம், அவருக்குத் தெரியாது. தெரிந்த நீங்கள் என்ன சொன்னீர்கள்? “என் ஆளு அங்கமுத்து ஆபீசுல அடிச்ச மருந்துதான். அவன ஊருக்கு அனுப்பிடறேன்.” அப்போது அவன் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குவளை நிரம்பி மேசையில் வழிந்தது.

“அண்ணே, நம்ம கை...” என்று நான் ஆரம்பித்தபோது, “வாய மூடு மதி” என்றீர்கள். மூடிக்கொண்டு எழுந்து போனேன். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். பிரியாணியில் குறை இல்லை.

கட்டட அடித்தளத்தில் கரையானுக்கு மருந்து போடுகிற அந்த ஆளை, போன ஜூன் மாதம் அலுவலகச் சமையலறைக்கு வரச் சொன்னது நீங்கள். கரப்பான் தொல்லை என்று உங்கள் மகள் வைஷாலி கத்தினாள் என்பதற்காக. அவன் அடித்த மருந்து நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன வருடம் அடித்த மருந்து 1957க்குப் பின்னோக்கிப் போய், நீங்கள் பிறக்கும்போதே உங்கள் விரல்களை ஒட்டியிருக்க முடியாது.

ஆறு வயதில் உங்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தழும்பைப் பற்றி யார் கேட்டாலும் “சைக்கிள் செயினில் மாட்டியது” என்று சொல்ல வேண்டும் என அம்மா நம் இருவருக்கும் மனப்பாடம் செய்து வைத்தார். அண்ணி போய்ச் சேரும் வரை அதைத்தான் நம்பினார். வைஷாலி இன்னும் நம்புகிறாள்.

அவள் என்னிடம் டாக்டரின் கடிதத்தைக் காட்டினாள். உடம்பின் வடிவத்தை வகுக்கும் ஒரு மரபணுக் குடும்பம் உண்டு, அதில் ஒன்றில் மாற்றம் இருக்கலாம், பரம்பரையாக வரக்கூடியது என்று எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பம் ஈக்கும் கரப்பானுக்கும்கூட இருக்கிறது, அங்கேதான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்றும் விளக்கியிருக்கிறார். “அத்தை, நம்ம சைடுல யாருக்காச்சும் இருந்திச்சா?” என்று கேட்டாள். “அப்பாவைக் கேள்” என்றேன். கோழை என்றால் அது நான்தான்.

29ஆம் தேதி ஊருக்குப் போக அங்கமுத்துவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களாம். அதற்கு முன் உண்மையைச் சொல்லுங்கள்.

தங்கை,
இளமதி


பஃபலோ ரோடு
6 மார்ச்

மதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுக் கை கழுவினேன்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது. 1994ல் ஒரு சாப்பாட்டுக் கடையின் கூரைப் பலகையை நான் கழற்றினேன். மேலிருந்து கரப்பான் கொட்டியது. சட்டைக்குள், காதுக்குள், வாய்க்குள். துப்பினேன், அதில் ஒன்றின் கால் நாக்கில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அன்றிலிருந்து அதுகளைக் கொல்வது எனக்குத் தொழில் மட்டுமில்லை. அதற்கு முன்பு கொன்றதையும் சேர்த்தால் முப்பத்தெட்டு வருடம் கொன்றிருக்கிறேன். அதுவும் என் பேத்தியும் ஒரே குடும்பம் என்று வாத்தியாரம்மா எனக்குப் பாடம் எடுக்கிறாய். பிள்ளைகளுக்கு எடுத்தது போதவில்லையா?

சம்பந்தியம்மாவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். “மருந்துன்னா போவுது, ஆக்சிடெண்ட். உங்க ரத்தத்துலயே இருக்குன்னா சொல்லிடுங்க, எங்க புள்ள ரித்திக்குக்கு அடுத்த கொழந்த வேணுமான்னு நாங்க யோசிக்கணும்லா” என்றார். அடுத்த பிள்ளை வேண்டாமென்றால் இந்த மனைவி எதற்கு என்று அடுத்த மாதம் யோசிப்பார். எனக்கு ஒரே மகள். தாயில்லாத மகள்.

அங்கமுத்து இளவயசுக்காரன். ஊரில் நிலம் இருக்கிறது. வேறு கம்பெனி பார்த்துக்கொள்வான். என் மகள் வேறு வீடு பார்க்க முடியாது.

டாக்டர் குடும்ப வரலாறு என்று, நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார். கை, கால் குறை யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முடிந்தது.

இனி எழுதாதே.

கோவிந்தராசு


தோ பாயோ
10 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். நேற்று ஞாயிறு, ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் போய் அங்கமுத்துவைத் தேடிப் பிடித்தேன். துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து வந்திருந்தான். புல்வெளி ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். தோல் வெடித்து, விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவுகிறானாம், ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு தடவை. “என் கையில விஷம் ஊறிடுச்சும்மா” என்றான். “ஒரு பச்சப் புள்ளயோட கைய நான் கெடுத்துட்டேன். அந்தக் கையாலதான் நானும் சோறு தின்னுறேன்.”

அவனுக்கு வேறு கம்பெனி கிடைக்கும் என்கிறீர்கள். அவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை அண்ணா. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தானே, அவன் மனைவிக்கு இப்போது இரண்டு மாதம். “என் ஒடம்புல இருக்கிற மருந்துதான அந்தப் புள்ளைக்கும் போயிருக்கும்? கலைச்சிருன்னு சொல்லிட்டேன். அவ அழுவுறா. முடியாதுங்கிறா. நானும் விடல. 25ஆம் தேதி செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்களாம்.”

நீங்கள் விருந்தில் சொன்ன ஒரு வாக்கியம் எங்கே போய் நிற்கிறது, பாருங்கள்.

கரப்பானோடு சேர்த்ததற்குக் கோபப்பட்டீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்த உதாரணமாகவே சொல்கிறேன். நீங்கள் மருந்து போடப் போகும் கட்டடத்தில் மாடிக்கு ஒரு மேஸ்திரி நிற்பார் அல்லவா? அவர் செங்கல் தூக்க மாட்டார், சிமெண்ட் குழைக்க மாட்டார். “இங்கே சமையலறை, இங்கே கழிவறை” என்று இடம் மட்டும் சொல்வார். உடம்பு உருவாகும்போது அப்படி இடம் சொல்லும் மரபணுக்கள்தான் அந்தக் குடும்பம். ஈக்கு எட்டு மேஸ்திரிகள். தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பில் என்ன வரிசையோ, மரபணு இழையிலும் அதே வரிசையில் நிற்கிறார்கள். நமக்கும் அதே வரிசைதான், ஆனால் நான்கு நகல். நகலுக்கு நகல் சிலர் கூடியும் சிலர் விட்டுப்போயும், எண்ணினால் முப்பத்தொன்பது பேர். ஈக்குள் எலியின் மேஸ்திரி ஒருவரை விட்டுப் பார்த்தார்கள். அவர் சொன்னது ஈயின் உடம்புக்குப் புரிந்தது. கோடிக்கணக்கான வருடமாக அந்தப் பேச்சு அவ்வளவாக மாறவில்லை.

மேஸ்திரி இடம் மாறி நின்றால் என்ன ஆகும்? ஆசிரியர் பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள். ஈயின் நெற்றியில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால்கள் முளைத்திருந்தன. அன்று மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தை நான் திறக்கவே இல்லை. எனக்கும் குமட்டும் அண்ணா. பாடம் நடத்துகிறவள் என்பதால் குமட்டாமல் போய்விடாது.

நமக்குள்ள நான்கு வரிசையில் கடைசி வரிசை, அதில் கடைசி ஆள், பதின்மூன்றாமவர். விரல்களைப் பிரித்து வைப்பது அவர் பொறுப்பு. சில குடும்பங்களில் அவர் ஒரே சொல்லைத் தேவைக்கு மேல் பல தடவை சொல்லிவிடுகிறார். விரல்கள் பிரியாமல் நின்றுவிடுகின்றன. டாக்டர் தேடுவது அதைத்தான். சிலருக்கு அந்த மாற்றம் இருந்தும் வெளியே தெரியாது. வைஷாலியைப் போல. அவளைத் தாண்டிப் பேத்தியிடம் வந்திருக்கிறது. இரத்தத்தைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதி அந்த வழியைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

பூச்சியில் அதே ஆளின் சொந்தக்காரர் எதைக் கட்டுகிறார் தெரியுமா? வால் பக்கத்தை. எழுத வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் உங்களிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை.

என்னையும் சொல்லிவிடுகிறேன். என் இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் ஒட்டியவை. உங்களைத் தவிர உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடம் பரம்பரைக் குணம் பற்றிப் பாடம் நடத்தினேன். வகுப்பில் காது மடல் உதாரணம் காட்டுவேன், நாக்கைச் சுருட்டச் சொல்வேன், பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். நான் மூடிய காலணிக்குள் நின்றுகொண்டு அதையெல்லாம் சொன்னேன். ஒரு முறை அஸ்மத் என்ற மாணவி, “டீச்சர், உங்களுக்கு எதாச்சும் அப்படி இருக்கா?” என்று கேட்டாள். அவளுக்கு ஆறு விரல். ஒளித்துக்கொண்டே கேட்டாள். “இல்லை” என்றேன். அவள் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். உங்கள் பாரத்தில் நீங்கள் எழுதிய அதே ‘இல்லை’. அதனால்தான் உங்களை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. அதுவே எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

இளமதி


பஃபலோ ரோடு
15 மார்ச்

மதிக்கு,

மூன்று நாள் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

அங்கமுத்து மனைவியின் விஷயம் எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் சொல்லவில்லை. நான் அவனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், அதனால் சொல்லியிருக்க வழியில்லை.

வால் பக்கம் என்று எழுதினாய். என் பேத்தியின் விரலைப் பூச்சியின் பின்புறத்தோடு சேர்த்து எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன், மேஸ்திரி கதையை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதை எனக்குப் புரிந்துவிட்டது, அதுதான் பிரச்சினை.

நேற்று குழந்தையைப் பார்க்கப் போனேன். கையுறை இல்லை. அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. ஒட்டிய இரண்டு விரலும் சேர்ந்து ஒரு தடித்த விரலாக என்னைப் பிடித்தது. மதி, எனக்குக் குமட்டியது. சொந்தப் பேத்தியைத் தொட்டுக் குமட்டியது. கையை உருவிக்கொண்டேன். குழந்தை அழவில்லை. வைஷாலி கவனித்தாளா தெரியவில்லை.

பள்ளியில் என்னைத் தவளை என்பார்கள். உனக்குத் தெரியாது, நீ கைக்குழந்தை. வாத்தியார் ஒருவர் என் கையில் பிரம்பால் அடிக்க மாட்டார். எல்லாருக்கும் கையில் அடிப்பார், எனக்கு மட்டும் காலில். என் கையைத் தொட வேண்டியிருக்கும் என்று. அடி வாங்கியதை விட அதுதான் வலித்தது. அம்மா அந்தச் செயின் கதையைச் சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, உனக்குச் சொல்கிறேன். செயினில் மாட்டினால் வீரன். அப்படியே பிறந்தால் தவளை.

அடுத்த வார ஞாயிறு வரை பொறு. 23ஆம் தேதி ரித்திக் வீட்டுக்குப் போகிறேன். எல்லாரையும் வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன். அங்கமுத்துவிடமும் நானே சொல்வேன். நீ நடுவில் வராதே. என் வாயால் வரட்டும்.

கோவிந்தராசு


தோ பாயோ
18 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொறுக்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஞாயிறு காலையில் நான் அங்கமுத்துவைத் திரும்பப் பார்த்துவிட்டேன். தேக்கா உணவு நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்து, மேசைக்கடியில் காலணியைக் கழற்றிக் காலைக் காட்டினேன். அறுபத்து மூன்று வயதில், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் தரையில். பக்கத்து மேசைக்காரர் தன் தோசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார். “இது எங்க குடும்பத்துல பிறவியிலேயே வர்றதுப்பா. உங்க பாஸுக்கும் இருந்தது. மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றேன்.

அவன் குனிந்து நன்றாகப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். “நீங்க நல்லவங்கம்மா. என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. உங்க காலு உங்க காலு. பாஸ் கையி செயின்ல மாட்டுனது, எங்களுக்கெல்லாம் அவரே சொல்லிருக்காரு. பாஸ் சொல்லட்டும், நம்புறேன்.”

உங்கள் பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். என் உண்மை அதன் முன் எடுபடவில்லை.

ஞாயிறு உங்களுடையது. செவ்வாய் அவன் மனைவியுடையது. நடுவில் ஒரே ஒரு திங்கட்கிழமைதான் இருக்கிறது.

இளமதி


பஃபலோ ரோடு
27 மார்ச்

மதிக்கு,

ஞாயிறன்று நான் சொல்லிவிட்டதை வைஷாலி உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பாள். எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன் என்று நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

ரித்திக் வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். என் கையைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் மெத்தையில் வைத்தேன். தழும்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காட்டினேன். பிறந்தபோதே ஒட்டியிருந்தது, செயின் இல்லை என்றேன். மேஸ்திரி கதையையும் சொன்னேன், உன் அளவுக்கு வரவில்லை. ஈ என்றதும் சம்பந்தியம்மா, “போதும், சாப்பிடற நேரம்” என்றார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். அவர் என்னைத் தொடவே இல்லை. சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

ரித்திக் நல்ல பையன். “அங்கிள், டெஸ்ட் பண்ணிப்போம், எதுவா இருந்தாலும் பாப்பா எங்க பாப்பாதான்” என்றான். அவன் அம்மா காதில் விழும்படி சொன்னான். அந்த வீட்டில் என் மகள் இருப்பாள் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் நான் பயந்தது ஒரு நிமிடத்தில் இல்லாமல் போனது.

வைஷாலிதான் கேட்டாள். “அப்பா, அப்ப அங்கமுத்து அண்ணன்?”

இன்றைக்கே போய்ச் சொல்கிறேன் என்றேன். போகவில்லை.

துவாஸ் பேருந்தில் ஏறத்தான் கிளம்பினேன். அந்தக் குழாய்ச் சத்தம் காதிலேயே இருந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை கையை நீட்டிக் காட்ட என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை போகலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பெரிய வேலை ஒன்று வந்தது, வந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. போனை எடுத்து அவன் பெயர் வரை போனேன், வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நம்ப மாட்டான், நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய் என்று நீ எழுதியிருந்தது தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லாம் உடனே செய்துவிட மாட்டார்கள், முதல் நாள் சும்மா பார்த்துவிட்டு அனுப்புவார்கள் என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

நேற்று, புதன்கிழமை போனேன். விடுதி வாசலில் அவன் வந்து நின்றான். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், வேலையில் இருக்கலாம் என்றேன். பிறகு கையை நீட்டிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் காலையும் சேர்த்துத்தான்.

அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய உரிந்த தோல் என் மேல் ஒட்டியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “அப்ப நான் இல்லயா பாஸ்?” என்றான். இல்லை என்றேன். “என் ஒடம்புல ஒண்ணும் இல்லயா?” இல்லை என்றேன்.

“நேத்து காலையில போயிட்டு வந்துட்டா பாஸ். முடிஞ்சிருச்சு” என்றான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “பரவால்ல பாஸ். உங்களுக்கும் சொல்றதுக்குக் கஷ்டமாத்தான இருந்திருக்கும்.”

அவன் என்னை அடித்திருக்கலாம். கூரையிலிருந்து வாய்க்குள் விழுந்ததைக்கூட நான் துப்பிவிட்டேன் மதி, இதைத் துப்ப முடியவில்லை. நேற்றிலிருந்து எது சாப்பிட்டாலும் நாக்கில் அவனுடைய அந்தப் ‘பரவால்ல’தான் வருகிறது.

அவன் வேலைக்குத் திரும்ப வர மாட்டானாம். சனிக்கிழமை அதே விமானத்துக்கு அவனே மறுபடி டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறான். மனைவியோடு இருக்க வேண்டுமாம். விமான நிலையத்துக்கு நான் வரவா என்று கேட்டேன். வேண்டாம் பாஸ் என்றான், மரியாதையாக.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் ஆறுதலாக ஏதாவது ஒரு உதாரணம் சொல்வாய். உன் தொழில் அது. அதைக் கேட்டு எனக்கு ஆறிவிட்டால், அப்புறம் என்னை எனக்கே பார்க்கச் சகிக்காது.

கோவிந்தராசு